பெயரைக் கழற்றி வைத்தவர்கள்

காரைக்காலில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். மாதம் பிறந்தால் பென்சன். சாயங்காலம் திண்ணையில் ழூல் வெர்னின் கடலடி நாவலைப் பிரித்து, ஒரு பத்தியைப் பிரெஞ்சில் முணுமுணுத்துவிட்டு எனக்குத் தமிழில் சொல்வார். தலைப்பில் வரும் இருபதாயிரம் 'லியூ'வைக் காதம் என்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

நாட்டிலஸ் கப்பல் மன்னார் வளைகுடாவுக்கு வந்த சாயங்காலம் இன்னும் நினைவிருக்கிறது. 1869-70இல் வெளிவந்த கதை அது. நம் கரையிலிருந்து தெற்கே கோடியக்கரையைச் சுற்றி, பாக் நீரிணை கடந்து, ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் போனால் அந்தக் கடல். ஒருவன் தனியாகக் காலிடுக்கில் கல்லைப் பிடித்துக்கொண்டு மூழ்குகிறான், சிப்பிகளைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு மூச்சுக்கு மேலே வருகிறான், மறுபடி மூழ்குகிறான். சுறா வருகிறது. கப்பல் தலைவர் நெமோ கத்தியோடு குறுக்கே பாய்கிறார். நினைவு தப்பியவனை மேலே கொண்டுவந்து தெளிவித்து, கையில் ஒரு முத்துப் பையை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

"தாத்தா, அவன் நம்ம ஆளா?"

"ஆமாப்பா. நம்ம கடல்ல முத்துக் குளிக்கிறவன்."

நெமோ என்றால் லத்தீனில் 'ஒருவருமில்லை' என்று பொருள். அவர் பண்டேல்கண்ட் இளவரசர் தக்கார், 1857 எழுச்சியில் போரிட்டுக் குடும்பத்தை இழந்தவர் என்று 'மர்மத் தீவு' நாவலில்தான் வெர்ன் சொல்கிறார். அதைப் படித்த நாளில் எனக்கு எங்கள் காரைக்கால் அம்மையார் நினைவு வந்தது. புனிதவதி என்ற பெயரையும் உடம்பின் அழகையும் உதறிவிட்டு, தன்னைக் காரைக்காற்பேய் என்று பாட்டிலேயே சொல்லிக்கொண்டவர். அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அவர் மட்டும் எலும்பு தெரிய உட்கார்ந்திருக்கிறார்.

நெமோ வஞ்சினத்தில் பெயரை விட்டார். அம்மையார் அன்பில் விட்டார். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஆனாலும் சுறாவுக்கும் அந்த ஏழைக்கும் நடுவே பாய்ந்த கணத்தில் நெமோவிடம் வஞ்சம் இருந்திருக்க முடியாது. அந்த ஒரு கணம் அவர் உண்மையாகவே ஒருவருமில்லாமல் இருந்தார் என்று நம்புகிறேன்.

அம்மையார் பாடிய 101 வெண்பாவுக்கு அற்புதத் திருவந்தாதி என்று பெயர். நான் ஆயுள் முழுக்கப் படித்துவரும் அறிவியல் புனைகதைகளுக்கு 'அற்புதம்' என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வெல்ஸ், ஆசிமோவ், 'என் இனிய இயந்திரா' எழுதிய சுஜாதா, திருகோணமலைக் கோணேசர் பாறையடியில் மூழ்கிக் கோயில் தூண்களைக் கண்ட ஆர்தர் சி. கிளார்க் என்று எத்தனையோ பேர். யாரைப் படித்தாலும் ஓரிடத்தில் மூச்சு மெதுவாகும். ஊர், வயது, வாங்கிய கடன், பட்ட அவமானம் எல்லாம் கரையில் கழற்றிப்போட்ட துணிபோலக் கிடக்கும். கோயில் பிராகாரத்தில் கண்மூடி உட்கார்ந்தால் சில நாள் வரும் அமைதியும் இதுவும் எனக்கு ஒன்றுதான்.

இந்த ஆனிப் பௌர்ணமிக்கும் அம்மையாரின் திருவிழாவில் மாங்கனி இறைத்தார்கள். பவளக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் வர, மாடியிலிருந்து விழுந்த பழம் ஒன்று என் கைக்கு வந்தது. மேசையில் வைத்துவிட்டு அந்த மன்னார் அத்தியாயத்தைப் பிரித்தேன். அறை முழுக்கப் பழ வாசனை. சாப்பிட வரச் சொல்லி வீட்டில் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். கல் இன்னும் என் காலிடுக்கில் இருந்தது.