எள்ளும் தண்ணீரும் யாருக்கு?

ஒருவருக்குத் திதி கொடுப்பதென்றால் அவருடைய பெயர் தெரிய வேண்டும், இன்னாருடைய பிள்ளை என்று தெரிய வேண்டும், கண்மூடிய நாளும் தெரிய வேண்டும். நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுக்கலாம் என்று ஐயர் சொல்லுவார். பெயரே தெரியாதவர்களுக்கு? பெயரும் தெரியும், பெற்றவளும் உயிரோடு இருக்கிறாள், போனவன் செத்தானா இருக்கிறானா என்பதுதான் தெரியாது என்றால் அவனுக்கு?

பாண்டிருப்பில் குடிவழி எழுதப் புறப்பட்டவர் இந்தக் கேள்விகளைத் தாண்டிப் போக முடியாது. நான் சைவசமயம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். ஊரிலுள்ள வயதான பெண்களிடம் போயிருந்து, அவர்களுடைய தாய்வழியைக் கேட்டுக் கொப்பிகளில் எழுதி வருகிறேன். ஊர் வரலாற்றில் உள்ள ஆசையால் தொடங்கிய வேலைதான். இன்றைக்கு இதை நான் சமயக் கடமையாகவே செய்கிறேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வடக்கே மருதமுனை, தெற்கே கல்முனைப் பட்டினம், கிழக்கே கடல். இவற்றுக்கு நடுவே பாண்டிருப்பு. இந்தக் கரையில் குடி என்பது தாயால் வருவது. தகப்பன் காலிங்க குடியாக இருக்கலாம். தாய் உலகிப்போடி குடி என்றால் பிள்ளை உலகிப்போடி குடிதான். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை, அவர்கள் அண்ணன் தங்கை முறை. வீட்டையும் வளவையும் பெண்ணுக்கு எழுதிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அதனால் ஒரு ஒழுங்கைக்குள் போனால் அக்கா வளவு, தங்கச்சி வளவு, பெரியம்மா வளவு என்று பெண்களின் உறவே வேலி வேலியாக நிற்கும். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வருவதும் திருவிழா பிரிப்பதும் குடிப்படிதான். பிறப்புச் சான்றிதழிலோ பிள்ளையின் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயர் வந்து நிற்கிறது. அரசாங்கத்தின் கடதாசியை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் ஊரின் வரலாற்றை எழுதினால் பாதி ஊர் காணாமற் போய்விடும்.

ஒரு கிழவி வெற்றிலை வட்டாவை மடியில் வைத்துக்கொண்டு, பாக்கை வெட்டி வெட்டிப் போட்டபடி தன் தாய்மாரைச் சொன்னா. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வெட்டு. எல்லாம் பிள்ளை என்று முடிகிற பழைய பெயர்கள். அம்மா, அம்மம்மா, அவட அம்மா என்று மேலே போய், ஆறாவது தாயில் பாக்குவெட்டி நின்றது. "அதுக்கு மேல பேரு தெரியா மனே. ஆனா அவ இருந்த வளவு தெரியும். கிணத்தடியில நாவல் நிண்ட வளவு." பெயர் அழிந்த பிறகும் ஒரு பெண் இருந்த மண் நினைவில் இருக்கிறது. நான் கொப்பியில் அந்தத் தாயின் இடத்தில் 'நாவலடி வளவு' என்றே எழுதினேன்.

இப்போது என்னுடைய பாடத்துக்கு வருகிறேன். நான் படிப்பித்த சைவ சித்தாந்தப்படி ஆன்மாவுக்குக் குடி கிடையாது. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. உயிருக்குத் தொடக்கமே இல்லையென்றால் அதற்குத் தாய்வழி எங்கே? போன பிறப்பில் என் தாய் யாரென்று எனக்குத் தெரியாது, வருகிற பிறப்பில் யார் வயிற்றிலோ? சித்திரைப் பௌர்ணமிக்கு எங்கள் கோயில்களில் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்ப்போம். அந்தக் கணக்கப்பிள்ளை எழுதுவது அவரவர் செய்த நன்மை தீமையை. இன்ன குடியில் பிறந்தான் என்பதற்கு அந்த ஏட்டில் ஒரு வரியும் இல்லை. மருதமுனையிலிருந்து வந்து எங்களோடு படிப்பித்த ஓர் ஆசிரியை, தங்கள் மார்க்கத்திலும் ஒவ்வொருவரோடும் எழுதும் மலக்குகள் இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறா. கிராமன் காத்திபீன் என்ற அந்த மலக்குகள் எழுதுவதும் செயலைத்தான்.

ஆண்டவனின் ஏட்டில் இல்லாத ஒன்றை நான் ஏன் என் கொப்பியில் எழுத வேண்டும்?

ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், செத்தவங்க வேற வீட்டில பிறந்திட்டா நாம குடுக்கிற திதி ஆருக்குப் போகும்?" பிதுர் தேவதைகள் வாங்கி, அந்த உயிர் எந்தப் பிறப்பில் இருக்கிறதோ அதற்கு ஏற்ற உணவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்று நூலில் உள்ள விடையைச் சொன்னேன். அந்த விடையை நான் நம்புகிறேன். ஆனால் அவள் கேட்ட கேள்வி அதைவிடப் பெரியது. அதற்குரிய பதில் எனக்குப் பாரதத்தில் கிடைத்தது.

பாண்டிருப்புக்காரருக்குப் பாரதம் வெறும் கதையல்ல. எங்கள் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் சடங்கு. வனவாசம் போவார்கள், அருச்சுனன் தவநிலை போவான், கடைசியில் தீமிதிப்பு. சின்ன வயதிலிருந்தே தருமரும் வீமனும் எங்கள் ஒழுங்கையால் நடந்துபோகிற ஆட்கள். ஆனால் நான் சொல்லப்போகிற கட்டம் தீமிதிப்புக்குள்ளே வருவதில்லை. வில்லிபுத்தூராரின் பாரதத்திலும் இல்லை, அது பதினெட்டாம் நாள் போரோடு முடிந்துவிடுகிறது. வியாச பாரதத்தில் ஸ்திரீ பர்வத்தில் இருக்கிறது. போர் முடிந்து, செத்தவர்களுக்கெல்லாம் கங்கைக்கரையில் நீர்க்கடன் செய்கிறார்கள். அப்போது குந்தி வாய் திறக்கிறாள். கர்ணனுக்கும் தண்ணீர் விடு, அவன் உனக்கு மூத்தவன், நான் பெற்ற பிள்ளை என்று தருமரிடம் சொல்கிறாள். தருமர் இடிந்துபோகிறார். எதிரி என்று நினைத்திருந்தவனுக்கு அண்ணன் என்று நீர் வார்க்கிறார்.

அந்தக் கட்டத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. கர்ணன் செய்த தானமும் செய்த தீமையும் சித்திரபுத்திரனாருக்கு ஏற்கனவே தெரியும். குந்தி சொன்னதால் கர்ணனுடைய கணக்கில் ஒரு எழுத்தும் மாறவில்லை. மாறியது தருமரின் கணக்கு. தான் யாருக்குக் கடன்பட்டவன் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அதுவும் தாய் சொல்லித்தான். குடிவழி இதற்குத்தான் வேண்டும். செத்தவரின் கதிக்கு அது உதவுகிறதோ இல்லையோ, இருக்கிறவர் யாருக்கு முன்னால் கை கூப்ப வேண்டும், யாரோடு சண்டை பிடிக்கக் கூடாது என்று அறிந்துகொள்ள அது வேண்டும். போருக்கு முன்னால் தருமருக்கு இது தெரிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பாரதம் படித்த எல்லோருக்கும் தெரியும்.

இதை அந்த மருதமுனை ஆசிரியையிடம் சொன்னபோது, குர்ஆனில் ஹுஜுராத் அத்தியாயத்தின் பதின்மூன்றாம் வசனத்தை எனக்கு விளக்கினா. மனிதரைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக, மேன்மை என்பது இறையச்சத்தால்தான் வருகிறது என்பது அதன் பொருள். பிறகு இன்னொன்றும் சொன்னா. மையித்தை அடக்கிய பின் தல்கீன் ஓதும் வழக்கம் உள்ளவர்கள், கப்றடியில் நின்று செத்தவரைத் தாயின் பெயர் சொல்லி, இன்னாளின் மகனே என்றுதான் கூப்பிடுவார்களாம். தாயின் பெயர் தெரியாவிட்டால் ஆதித்தாய் ஹவ்வாவின் பெயர் சொல்லி, ஹவ்வாவின் மகனே என்று கூப்பிடுவார்களாம். "உம்மாட பேரு தெரியாதெண்டு ஆரையும் கூப்பிடாம விடுறதில்ல டீச்சர்," என்றா. நாவலடி வளவுக்காரியை எழுதிய எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது.

இந்தக் கரையில் குடி முறை முஸ்லிம்களுக்கும் தாய்வழிதான். லெவ்வைக்குடி, ஓடாவிகுடி, வரிசைநாச்சிகுடி என்று அவர்களுக்கும் குடிகள் இருக்கின்றன, பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர் இருந்தார்கள். 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் இந்த ஒற்றுமையைப் பற்றி 2008இல் பெரிய நூலே எழுதியிருக்கிறார். முற்காலத்தில் திமிலர், முக்குவர் என்ற இரு தமிழ்ச் சாதியாருக்குள் நடந்த சண்டையில் முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்றார்கள், கைம்மாறாகப் பெண் கொடுத்தார்கள், அந்தப் பெண்களால் அவர்களுக்கும் குடி வந்தது என்று ஒரு பழங்கதை உண்டு. அது நடந்ததா என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் கல்முனைப் பிரதேச செயலகத்தின் எல்லை எது என்று நாங்களும் அவர்களும் இத்தனை வருடம் முகம் திருப்பிக்கொண்டு நிற்கும்போது, கங்கைக்கரையில் குந்தி சொன்னதுபோல் யாராவது ஒரு தாய் எழும்பிச் சொல்ல வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

குடிவழியை எதிர்க்கிறவர்களின் நியாயமும் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துப் பழைய ஏடுகளை எழுதிவைத்தவர்கள் மரியாதைக்காக எழுதினார்கள். எந்தக் குடி முதல், எந்தக் குடிக்கு எந்தக் கோயிலில் என்ன உரிமை, யார் யாருக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்பதே அவற்றின் கவலை. எவ்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தைப் படித்தால் இது விளங்கும். அந்த நூல் அச்சேறியிராவிட்டால் நாங்கள் பெரிய செல்வத்தை இழந்திருப்போம். அதற்காக அவரைக் கும்பிட வேண்டும். ஆனால் பறை அடித்தவர், துணி வெளுத்தவர், முடி வெட்டியவர் அந்த ஏடுகளில் சிறைகள் என்று தொழிலாலும் கடமையாலும் வருகிறார்களே தவிர, இன்னாளின் மகள் இன்னாள் என்று வருவது அரிது. செத்த வீட்டில் முதலில் வந்து நின்றவர்கள் அவர்கள். எங்கள் மூதாதையர் எல்லோரையும் வழியனுப்பியவர்களின் தாய்மார் பெயர் எங்கள் ஏட்டில் இல்லையென்றால், அந்த ஏடு கடனைச் சொல்லவில்லை, கடனை மறைக்கிறது.

சுனாமி இந்த ஏற்றத்தாழ்வை ஒரு காலையில் துடைத்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள், மார்கழிப் பௌர்ணமி. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில்தான். கிடங்கு வெட்டி அடக்கியபோது யார் எந்தக் குடி, எந்த மதம் என்று பார்க்க நேரமிருக்கவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கும் மரணம் பதிய 2005இல் தனிச் சட்டம் வந்தது. அவர்களின் திதியில் ஒரு குழப்பமும் இல்லை, கரை முழுக்க ஒரே திதி. ஆனால் குடிவழியில் வேறொரு இடி விழுந்தது. தாயும் மகள்மாரும் பேத்திமாரும் அடுத்தடுத்த வளவுகளில் இருந்ததால், கடலோர ஒழுங்கைகளில் ஒரு தாய்வழி முழுதாகவே போனது. என் கொப்பியில் சில பக்கங்கள் அந்தத் திகதியோடு முடிகின்றன. கரையிலிருந்து இருநூறு மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றும் சொன்னார்கள். புதிதாகக் கிடைத்த வீடுகள் பலவற்றில் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயர் எழுதப்பட, தாய் மகளுக்கு வளவு கொடுக்கும் வழியும் அங்கே குலைந்தது.

சுனாமியில் போனவர்களை எழுதுவதைவிடக் கடினமானது 1990. அந்த ஜூனிலும் அதற்குப் பிறகும் கல்முனைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அதே வருடம் ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாமல் அந்த வருடத்தைச் சொல்ல எனக்கு மனம் வராது.

பிள்ளையை அப்படிப் பிடித்துக்கொண்டு போகக் கொடுத்த ஒரு தாயிடம் குடிவழி கேட்கப் போனேன். எல்லாப் பெயரும் சொன்னா. மகனுடைய பெயர் வந்ததும், "இவருக்குத் திதி கொடுக்கிறீங்களா?" என்று மெல்லக் கேட்டேன். "அவன் வருவான் எண்டு நான் சொல்லல்ல மனே. அவன் இல்லயெண்டு என்ட வாயால சொல்ல மாட்டன்." எங்கள் நூல்கள் பன்னிரண்டு வருடம் பார்த்திருந்து, தர்ப்பையால் உருவம் செய்து கிரியை செய்யலாம் என்கின்றன. இஸ்லாமியச் சட்டத்தில் இப்படிப்பட்டவரை மஃப்கூத் என்று தனியாக வைத்து, இறந்தார் என்று காதி தீர்ப்புச் சொல்லும்வரை அவருடைய சொத்தைப் பங்குவைக்க மாட்டார்கள். செத்ததாகச் சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழை 2016இல் சட்டமும் ஏற்றுக்கொண்டது. பன்னிரண்டு வருடம் எப்போதோ கடந்துவிட்டது, கிரியை செய்து அவனைக் கரையேற்றுங்கள் என்று அந்தத் தாய்க்குப் புத்தி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். நூல் செய்யலாம் என்று அனுமதிக்கிறது. அந்தச் சொல்லை அவளுடைய வாயிலிருந்து பிடுங்கும் உரிமையை யாருக்கும் கொடுக்கவில்லை.

குடிவழியில் ஒருவருக்கு இடம் கிடைப்பதற்கு அவர் இறந்திருக்க வேண்டியதில்லை. ஒரு தாய் பெற்றிருந்தால் போதும். அந்தப் பிள்ளையின் பெயரைத் தாயின் பெயருக்குக் கீழே, உடன்பிறந்தாரோடு வரிசையில் எழுதினேன். மற்றவர்களுக்கு இறந்த திதி எழுதும் இடத்தை அவனுக்கு விடவில்லை. அந்த அம்மா எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்து, மூத்தவளுக்கும் அவனுக்கும் நடுவே பிறந்து மூன்றாம் நாளே போன ஒரு பெண் குழந்தையையும் சேர்க்கச் சொன்னா. அதற்குப் பெயர் வைக்கவில்லையாம். 'பெண் பிள்ளை' என்று எழுதினேன்.

இனி நான் போக வேண்டிய வளவுகள் பறை அடித்தவர்களின் வளவுகளும் துணி வெளுத்தவர்களின் வளவுகளும். அங்கே கேட்டு எழுதிய பிறகுதான் கொப்பிகளை ஒன்றாகக் கட்டுவதாக இருக்கிறேன். சித்திரைப் பௌர்ணமிக்குக் கஞ்சி குடிக்க வருகிறவர்கள் தாய்வழிப் பெயர்கள் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். மருதமுனை, நற்பிட்டிமுனை, கல்முனைக்குடியில் உம்மம்மாமாரிடம் கேட்டுச் சொல்லக்கூடியவர்களும் வாருங்கள். பெயர் தெரியாவிட்டால் வளவைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிறேன்.