கவாத்தும் வெட்டும்

சீடன்: ஐயா, தேர்தல் வந்தால் நம் போடிநாயக்கனூர் முழுக்க மாற்றம், மாற்றம் என்கிறார்கள். நீங்கள் மட்டும் பழமை பேசுகிறீர்கள். மாற்றம் என்றாலே அச்சமா?

குரு: அச்சமில்லை தம்பி, கணக்கு. போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது 1928இல். அகலப்பாதை போடுகிறோம் என்று 2010 கடைசியில் அதை நிறுத்தினார்கள். மறுபடி ரயில் வந்து நின்றது 2023 ஜூனில். நிறுத்த ஓர் உத்தரவு போதும். கொண்டுவரப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

சீடன்: இன்று இங்கே ஏறினால் சென்னையில் இறங்கலாமே!

குரு: நானும்தான் ஏறுகிறேன். அகலப்பாதை வேண்டாம் என்றா சொன்னேன்? இருப்பதைக் கலைத்தால், புதியது வரும்வரை ஏழை எதில் போவான் என்று கேட்பதுதான் என் பழமை.

சீடன்: கேட்டுக்கொண்டே இருந்தால் எதுவும் நடக்காதே.

குரு: போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தைப் பார்த்திருக்கிறாய். மரநிழல் இல்லாவிட்டால் ஏலச்செடி வெயிலில் கருகும். நிழல் மிஞ்சினால் மழைக்காலத்தில் காய் அழுகும். அதனால் மழைக்கு முன்னே கிளையைக் கவாத்து செய்கிறோம், மரத்தை வெட்டுவதில்லை. அரசியலிலும் எனக்கு அந்த அளவுதான் வேண்டும். மேலேயிருந்து போடுகிற எல்லைக் கோட்டை நம்பி நாம் பிழைக்கவில்லை. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது ஏலத்தோட்டங்கள் உள்ள தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. அதனால் அங்கே ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள் நின்றுவிட்டார்களா? இன்றும் விடியுமுன் ஜீப் ஏறி எல்லை தாண்டுகிறார்கள். அரசு மாறும், பிழைப்பின் பாதை மாறாது.

சீடன்: அந்த ஜீப்பையே கேட்கிறேன், ஐயா. நெருக்கியடித்து உட்கார்ந்து கொண்டைஊசி வளைவுகளில் ஏறும் பெண்ணிடம், இந்தப் பாதை மாறாது என்று பெருமையாகச் சொல்ல முடியுமா? பாட்டி போனாள், தாய் போனாள், மகளும் போக வேண்டுமா?

குரு: நல்ல இடத்தில் பிடித்தாய். இதே இடத்தில்தான் முதல்வராக இருந்த ராஜாஜியும் சறுக்கினார். 1953இல் கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி அரை நாள், மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று திட்டம் போட்டார். ஊர் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தது. அடுத்த ஆண்டே பதவியும் போனது; காமராசர் முதல்வராக வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

சீடன்: அப்படியானால் பழமைவாதம் தோற்றது என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

குரு: பொறு. 1939இல் காங்கிரஸ்காரர் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்டோரை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனபோது, அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது யார் அரசு? இதே ராஜாஜியின் அரசு. கோபுரம் சாயவில்லை. கும்பிட வந்தவர் கூடினார்கள். ஒரே மனிதர், ஒரே கொள்கை. கோயிலில் வெளியே நின்றவருக்கும் பங்கு கொடுத்து மரபைக் காத்தார். பள்ளியில், பிள்ளைகளைக் கேட்காமலே அவர்கள் தலையில் மரபை ஏற்றினார்.

சீடன்: பங்கு இல்லாதவன் எதை, எதற்காகக் காப்பாற்ற வேண்டும்?

குரு: காப்பாற்ற வேண்டியதில்லை. அவனுக்குப் பங்கு தராத மரபு, அழுகல் பிடித்த கிளை. அதைக் கழிக்கத் தெரியாதவன் மரத்தைக் காப்பதாகச் சொல்லக் கூடாது. மாற்றம் கேட்பவனிடம், இதற்கு யார் விலை கொடுப்பார் என்று கேட்கிறேன். நீ என்னிடம், இது இப்படியே இருக்க யார் விலை கொடுக்கிறார் என்று கேள். இரண்டு கேள்வியும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

சீடன்: அந்த ஜீப்பில் போகிற பெண்தான் கொடுக்கிறாள் என்று நான் சொன்னால்?

குரு: நல்ல கூலியும் பத்திரமான வண்டியும் கேட்கிற ஊர்வலத்தில் நானும் நிற்பேன். ஊர்வலம் கலையும்போது, நாளைக்குத் தோட்டத்தை நடத்துவது யார் என்றும் கேட்பேன். அப்போது என்னைப் பிற்போக்கு என்று திட்டாதே.