மாற்று முட்டையும் மெய்யான நோன்பும்

கொண்டைக்கடலை வெந்த தண்ணீரை நம் வீடுகளில் ரசத்தில் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் தொட்டியில் கொட்டிவிடுவார்கள். அதே தண்ணீரைக் கொஞ்சம் சுண்டவைத்து, நன்றாக ஆறிய பிறகு பீட்டரால் அடித்துப் பார்த்தால் ஓர் அதிசயம் நடக்கும். முதலில் பெரிய பெரிய குமிழ்கள் கிளம்பும். அடிக்க அடிக்கக் குமிழ் சிறுத்து நிறம் வெளுக்கும். பத்து நிமிடத்தில் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத வெண்ணுரையாகத் திரண்டு நிற்கும். கடலையிலிருந்து தண்ணீரில் இறங்கிய புரதமும் மாவுச்சத்தும் சபோனினும் சேர்ந்து செய்கிற வேலை அது. தூத்துக்குடி மக்ரூனில் வெள்ளைக்கருவுக்கு என்ன வேலையோ, அதை இந்த நுரையும் செய்யும்.

இதை உலகத்துக்குக் காட்டியவர் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுப் பாடகர், ஆண்டு 2014. அடுத்த ஆண்டு கூஸ் வோல்ட் என்ற அமெரிக்கர் இதற்கு ‘அக்வாஃபாபா’ என்று பெயர் வைத்தார். மூன்று மேசைக்கரண்டி கடலைநீர் ஒரு முட்டைக்குச் சமம் என்பது, விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத வீகன் சமையலறைகளில் இன்று பொதுக்கணக்கு. கேக் மாவைப் பிணைக்க மட்டும் முட்டை வேண்டியிருந்தால் ஒரு கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று கரண்டி தண்ணீரில் ஊறவைத்தால் போதும். முட்டைப் பொரியலின் மணம் வேண்டுமென்றால் கந்தக வாடையுள்ள கறுப்பு உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் நன்றாகவே பொருந்தும், ஆனால் அது 25 டிகிரிக்குள்தான் உறைந்து நிற்கும். சென்னை வெயிலில் அதை வைத்துப் பஃப் மடிக்க நினைப்பவர் குளிர்பெட்டியை விட்டு நகர முடியாது.

இப்படி ஒரு செய்முறையைச் சமூக ஊடகத்தில் போட்டுவிட்டால் சற்று நேரத்தில் வசை வந்து குவியும். பிரியாணிப் படங்கள் வரும், ‘செடிக்கு உயிரில்லையா’ என்ற கேள்வி வரும், சில நேரம் மிரட்டலும் வரும். அவற்றுக்கு நடுவே தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. ‘முட்டையே வேண்டாம் என்று விட்டவருக்கு முட்டை மாதிரி ஒன்று எதற்கு? வாய் கேட்கிறது, கொள்கை தடுக்கிறது, அதுதானே?’ கேட்பவர் நையாண்டிக்குத்தான் கேட்கிறார். ஆனாலும் அதற்குள் இருப்பது கனமான, பழைய கேள்வி. ஆசை அப்படியே இருக்க, பொருளை மட்டும் விட்டால் அது துறவாகுமா?

நம் மரபில் இதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது: ஆகாது. புலன்களை வெளியே கட்டிவைத்துவிட்டு உள்ளுக்குள் அவற்றின் பொருள்களையே நினைத்துக்கொண்டிருப்பவன் பொய்யொழுக்கம் உடையவன் என்கிறது கீதையின் மூன்றாம் அத்தியாயம். சமணம் இன்னும் நுட்பமாகப் போகிறது. அதன் ஆறு புறத்தவங்களில் ஒன்று ரசபரித்தியாகம், அதாவது சுவையை விடுதல். பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு ஆகியவை தவிர்க்கப்படும் ஆயம்பில் நோன்பு நாளில் ஒருவேளை மட்டும் சப்பென்ற உணவு. அந்த நாளில் நெய் மணக்கும் போலி நெய்யை ஊற்றிக்கொண்டால் நோன்பே பாழ். நெய்யை விட்டது மாட்டை நினைத்து இல்லை, தன் நாக்கை நினைத்து. அங்கே பகை சுவைதான்.

வீகனின் தட்டிலும் நெய் இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒரே தட்டு, காரணமோ முற்றிலும் வேறு. 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியர் சில நண்பர்களோடு வீகன் சங்கத்தைத் தொடங்கியபோது, சுவையைப் பற்றி அவருக்கு எந்தப் புகாரும் இல்லை. பாலும் முட்டையும் வருகிற வழியைப் பற்றித்தான் புகார்.

அந்த வழி இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. ‘இப்போது வரும் முட்டையில் கருவே கிடையாது, அப்புறம் என்ன பாவம்’ என்பார்கள். விற்கிற முட்டையில் கரு இல்லை என்பது உண்மை. அந்த முட்டையை இடும் கோழி பொரிந்த அன்று, கூடவே பொரிந்த சேவல் குஞ்சு என்ன ஆனது? முட்டையினச் சேவல் முட்டை இடாது, கறிக்கும் தேறாது. ஆகவே முதல் நாளே கொன்றுவிடுவது உலகெங்கும் இத்தொழிலின் வழக்கம். ஜெர்மனி அதை 2022 ஜனவரி முதல் சட்டம் போட்டுத் தடுத்தது. உயிரோடு எஞ்சும் பெட்டைக்குக் கம்பிக்கூண்டில் கிடைப்பது ஓர் ஏ4 தாளின் அளவுகூட இல்லாத இடம். நாமக்கல் பக்கம் போனவர்கள் அந்த நீளக் கொட்டகைகளைப் பார்த்திருப்பார்கள். பாலின் கதையும் இதுதான். கறக்க வேண்டுமென்றால் மாடு ஈன வேண்டும், ஈனும் கன்றில் ஏறக்குறைய பாதி ஆண். உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு அந்தக் கன்றுக்கு வீட்டில் வேலை இல்லை. எருமை இறைச்சி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசை நாடுகளில் இந்தியா இருப்பதற்கும் நம் பால் தொழிலின் அளவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

ஆகவே கடலைநீரை அடித்து நுரையாக்குபவர் தன் ஆசையை ஒளித்துவைக்கவில்லை. மக்ரூனைத் தப்பென்று அவர் சொல்லவே இல்லை. அந்தக் குஞ்சு சாகாமல் மக்ரூன் கிடைக்குமா என்று தேடினார், கிடைத்தது. தவத்துக்கான அளவுகோலைக் கொண்டுவந்து கருணையை அளந்தால் அது போலியாகத்தான் தெரியும்.

இரண்டு அளவுகோலும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட காலமும் உண்டு. இடைக்கால ஐரோப்பாவின் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய் எல்லாமே விலக்கு. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் குறிப்பு ஒன்று நோன்பு முட்டை செய்யச் சொல்லித்தருகிறது. முட்டையைத் துளையிட்டு உள்ளிருப்பதை வெளியேற்றி, ஓட்டுக்குள் பாதாம்பாலைத் திரித்த விழுதை நிரப்பி, நடுவில் குங்குமப்பூ கலந்து மஞ்சள்கரு வைக்க வேண்டும். நோன்பின் நோக்கம் தன்னை ஒறுத்தல் என்றால் இந்த முட்டை நோன்பின் எழுத்தைக் காத்து உயிரை விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வெண்ணெயோ பணமாகவே மாறிவிட்டது. எண்ணெய் அரிதான வடக்கில் வெண்ணெய் தின்ன அனுமதி வாங்கியவர்கள் காணிக்கை கொடுத்தார்கள். பிரான்சின் ரூவான் பேராலயத்தில் அப்படி எழுந்த கோபுரத்துக்கு இன்றும் ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்றே பெயர். 1491இல் போப் எட்டாம் இன்னசென்ட் சாக்சனிக்கு வெண்ணெய் அனுமதிக் கடிதம் எழுதினார். 1520இல் மதச் சீர்திருத்தவாதி லூதர் இதைக் கடுமையாகச் சாடினார். ரோமில் செருப்புக்குத் தடவக்கூடத் தகாத எண்ணெயை எங்களைத் தின்னவைத்துவிட்டு, வெண்ணெய் தின்னும் உரிமையை எங்களுக்கே விற்கிறீர்களே என்பது அவர் ஆத்திரம். அந்த வாதத்தில் பாதிரியார் வந்தார், பணம் வந்தது, மனசாட்சி வந்தது. பசு மட்டும் வரவே இல்லை.

பசு உள்ளே வருவது காந்தியிடம். முட்டை, பால் விஷயத்தில் அவரளவு வெளிப்படையாகத் தன்னோடு வழக்காடியவர் குறைவு. லண்டனில் சட்டம் படித்த நாட்களில், முட்டை இறைச்சியாகாது, அதனால் எந்த உயிருக்கும் தீங்கில்லை என்ற வாதத்தை நம்பிச் சில நாள் முட்டை சாப்பிட்டார். பிறகு யோசித்தார். இறைச்சி தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்தது அம்மாவிடம். அம்மாவின் கணக்கில் முட்டையும் இறைச்சிதான். சொன்ன சொல்லுக்கு வாங்கியவர் கொள்ளும் பொருளே பொருள் என்று விட்டுவிட்டார். அதன்பின் சைவ உணவகத்திலேயே ஒவ்வொரு புட்டிங்கிலும் கேக்கிலும் முட்டை இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டியதாயிற்று. உணவகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டு, பரிமாறுபவரின் முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இளைஞர் காந்தியின் சங்கடம் புரியும்.

1912இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்கோடு சேர்ந்து பாலையும் விட்டார். அதற்கு அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. பால் உடலின் இச்சையைத் தூண்டும் என்பது ஒன்று. கறவை மாடுகளுக்குக் கல்கத்தாவில் நடந்த கொடுமைகளைப் படித்தது மற்றொன்று. தவமும் கருணையும் ஒரே விரதத்தில் அருகருகே நின்றன.

அந்த விரதம் உடைந்த விதம்தான் நெஞ்சைத் தொடுகிறது. 1918இல் கேடா மாவட்டத்தில் அலைந்து சீதபேதியில் விழுந்தவர் மாதக்கணக்கில் தேறவில்லை. பால் குடிக்காமல் உடம்பு தேறாது என்றார் டாக்டர் தலால். பால் குடிப்பதில்லை என்று விரதம் என்றார் காந்தி. பசுவையும் எருமையையும் நினைத்துத்தானே அந்த விரதம், ஆட்டுப்பால் குடிக்கலாமே என்றார் கட்டிலருகே நின்றிருந்த கஸ்தூர்பா. காந்தி இணங்கினார். விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரைக் கொன்றுவிட்டதாகச் சத்திய சோதனையில் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டார். பாலுக்கு ஈடாக உடலை வளர்க்கும், எளிதில் செரிக்கும் தாவர உணவு எது என்று மருத்துவர், வைத்தியர், ஹக்கீம் எவராலும் சொல்ல முடியவில்லை என்றும் அதே நூலில் வருந்தினார்.

தன் வாக்குக்கு நேர்மையாக இருக்க விரும்பிய ஒரு மனிதர், மாற்று கிடைக்காமல் அந்த வாக்கை இழந்தார். மாற்று உணவைக் கேலி செய்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பி12 வைட்டமின் பிரித்தெடுக்கப்பட்டதே 1948இல், அவர் மறைந்த ஆண்டில். சுண்ணாம்புச்சத்தும் பி12உம் சேர்த்த சோயாபால் இன்று நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. பாசிப்பயறுப் புரதத்திலிருந்து செய்த முட்டைக் கலவை 2018 முதல் அமெரிக்கக் கடைகளில் விற்கிறது. ஓர் அறத்தை நோயாளியும் குழந்தை பெற்றவளும் உழைப்பாளியும் கடைப்பிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு இவைதான் விடை தேடுகின்றன.

அப்படியிருக்க ஏன் இத்தனை கோபம்? அமெரிக்க உளவியலாளர்கள் ஜூலியா மின்சன், பெனுவா மோனின் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒரு காரணத்தைக் காட்டுகிறது. சைவர்கள் தங்களைத் தரக்குறைவாக எடைபோடுவார்கள் என்று எதிர்பார்த்த அசைவர்களே அவர்களை அதிகம் தாழ்த்திப் பேசினார்கள். எதிரே இருப்பவர் வாயே திறக்கவில்லை. அவர் தட்டு பேசிவிட்டதாக இவர்களுக்குத் தோன்றுகிறது. 2018 அக்டோபரில் பிரிட்டனின் வெய்ட்ரோஸ் உணவு இதழாசிரியர் வில்லியம் சிட்வெல், வீகன் சமையல் தொடர் எழுத முன்வந்த பத்திரிகையாளருக்கு, வீகன்களை ஒவ்வொருவராகக் கொல்வது பற்றித் தொடர் போடலாமே என்று பதில் எழுதினார். அது வெளியே வந்ததும் பதவி விலக நேர்ந்தது. மார்கரின் வெண்ணெய்போல் தெரியக்கூடாது என்று அதற்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசச் சட்டம் போட்ட நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பதற்றமும் ஏறக்குறைய இந்த வகைதான். 1898இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளிவிட்டது.

இந்தப் பகைமைக்கு ஆயிரம் ஆண்டு வயது. சிரியாவின் மஅர்ரத் அல்-நுஃமான் ஊரில் 973இல் பிறந்த கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரி நான்கு வயதில் அம்மையால் பார்வை இழந்தவர். இறைச்சியோடு பால், முட்டை, தேனையும் விட்டவர். முதுமையில் அவருக்கு ஃபாத்திமிய அரசின் தலைமைச் சமயப் பிரசாரகரிடமிருந்து கடிதம் வந்தது. இறைவன் மனிதனுக்கு அனுமதித்ததை நீர் ஏன் விலக்குகிறீர், படைத்தவனைவிட உமக்கு இரக்கம் அதிகமா என்ற பொருளில் கேள்விகள். கிழவர் சண்டைக்குப் போகவில்லை. விலங்குகளுக்கு வலி இருக்கிறது என்றார், தன் சிறு வருமானத்தையும் சொன்னார், தனக்குப் பருப்பு போதும் என்றார். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்து, 2020 ஜனவரியில், இங்கிலாந்தின் நாரிச் தீர்ப்பாயம் அறநோக்கிலான வீகன் வாழ்வு சமத்துவச் சட்டத்தின் காப்புக்குரிய மெய்யியல் நம்பிக்கையே என்று சொன்னது. அந்த வழக்கைக் கொண்டுவந்த ஜோர்டி கசமித்ஜானா, பூச்சிகள் மோதிச் சாகும் என்பதற்காக இயன்றவரை பேருந்தைத் தவிர்த்து நடப்பவர்.

நம் நாட்டில் கோபத்துக்கு இன்னொரு வேர் இருக்கிறது, அதை வீகன்கள் மதித்தே ஆக வேண்டும். என்ன தின்கிறான் என்பதை வைத்து மனிதனைத் தள்ளிவைத்த நாடு இது. வாடகை வீட்டுக்கு அலைந்து, ‘நீங்க சைவமா’ என்ற கேள்வியோடு கதவு சாத்தப்பட்டவருக்கு, முட்டையை விடு என்று யார் சொன்னாலும் அந்தக் கதவுதான் நினைவுக்கு வரும். சத்துணவுத் தட்டில் ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கும் முட்டையைத் தூய்மையின் பெயரால் பறிப்பது கருணை ஆகாது. அதற்கு ஈடான சத்தை அதே தட்டில் வைக்கும் வரை வீகன் அறம் அந்த முட்டைமேல் கைவைக்கக் கூடாது. சேவல் குஞ்சுக்காக இரங்குவதும் பக்கத்து வீட்டுக்காரரைத் தீட்டென்று ஒதுக்குவதும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியாது.

எங்களூர்ச் சைவ வீடுகளில் எதிர்ப்பு வேறு குரலில் வரும்: பாலில் என்னம்மா பாவம், கண்ணன் குடித்ததுதானே? ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க்காப்பும் முருகனுக்குப் பாலாபிஷேகமும் பார்த்து வளர்ந்த பாட்டியிடம் பேத்தி இதை வாதாடி வெல்ல முடியாது. சமணர்கள் இந்தச் சிக்கலுக்குள் முன்பே இறங்கிவிட்டார்கள். அமெரிக்கச் சமணர் பிரவீன் கே. ஷா 1995இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு பால்பண்ணையைப் பார்த்துவிட்டு வந்து பாலை விட்டார். பிறகு தன் சமூகத்துக்கு அவர் எழுதியவை வீட்டுச் சமையலோடு நிற்காமல் கோயிலுக்குள்ளும் நுழைந்தன. தீர்த்தங்கரர் திருமேனியைப் பாலுக்குப் பதில் தூய நீரால் கழுவலாம், விளக்குக்கு நெய்க்குப் பதில் தாவர எண்ணெய் ஊற்றலாம், பால் இனிப்புக்குப் பதில் உலர்பழம் படைக்கலாம் என்றார். ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் உண்டு. முன்னோர் வழியில் கைவைக்க மாட்டோம் என்பவர்களும் அதே கோயிலுக்கு, நெய்க்கிண்ணத்தோடு, வருகிறார்கள்.