கம்மிய குரலுக்குக் கடை மாத்திரை வேண்டாம்

குரல் கம்மி ஒரு மாதமாகிவிட்டது. அதிமதுரம் மென்றாயிற்று, மிளகுப்பால் குடித்தாயிற்று. யாரோ சொல்கிறார்கள்: "வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறது. தொண்டை நரம்புக்கும் கேட்குமாம், ஆராய்ச்சியே வந்திருக்கிறது." யாருடைய பழைய சீட்டையோ நீட்டிப் பத்து மாத்திரை வாங்கக் கிளம்புகிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள்.

அந்த மாத்திரையின் பெயர் கபாபென்டின். அது அமெரிக்காவில் 1993-ல் வலிப்புக்காக ஒப்புதல் பெற்ற மருந்து. நாள்பட்ட இருமல் விடாத 62 பேரிடம் அதைச் சோதித்த ஆஸ்திரேலிய ஆய்வு 2012-ல் லான்செட் இதழில் வந்தது. இருமல் தணிந்தது உண்மை. மருந்தை நிறுத்தியதும் பலன் நிலைக்கவில்லை என்பதும் உண்மை. அது துடிக்கிற நரம்பை அமர்த்துகிற மருந்து. குரல் கம்ம ஒரு காரணமான குரல்நாண் வாதமோ நரம்பு செயலிழந்த நிலை. வீறிட்டு அழும் பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கலாம். மயங்கிக் கிடக்கும் பிள்ளையைத் தட்டி என்ன பயன்?

இடது குரல்நாணுக்கான நரம்பு நேர்வழியில் வருவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுற்றி, தைராய்டை ஒட்டி மேலேறுகிறது. வழியில் எங்கே அடிபட்டாலும் குரல் போகும். சிலருக்கு நுரையீரல் புற்று முதலில் காட்டும் அடையாளமே இந்தக் கம்மல்தான். மாத்திரையை நம்பிக் கழிக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தக் கட்டி வளர நாம் கொடுக்கும் தவணை.

நான்கு வாரத்தில் தெளியாத குரலைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டுக் குரல்வளையைப் பார்த்துவிடுவார்; சில நிமிட வேலை. தண்ணீர் குடித்தாலே புரையேறினால் நான்கு வாரம் காத்திருக்காதீர்கள். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் அன்றே ஓடுங்கள்.

வீட்டில் வலிப்புக்கு மருந்து எடுப்பவர் இருந்தால் அவர் டப்பாவில் கை வைக்காதீர்கள். அவருக்கு மருந்து திடீரென்று நின்றால் வலிப்பு திரும்பலாம். முதியவர்களுக்கும் நுரையீரல் நோயாளிகளுக்கும் கபாபென்டின் மூச்சை மந்தமாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் எச்சரித்திருக்கிறது.

மருத்துவர்களே, இருமலுக்குக் கிடைத்த சான்றைக் குரல்நாண் வாதத்துக்கும் நீட்டாதீர்கள். ஒப்புதல் இல்லாத நோய்களுக்கெல்லாம் இதே மருந்தைப் பரப்பிய வழக்கில் அதன் நிறுவனம் 2004-ல் 43 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

ஒரு மாதமாகக் குரல் கம்மியிருப்பவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? நாளைக் காலையிலேயே அழைத்துப் போங்கள்.