கள்ளனுக்காகப் பேசுபவர்

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் சட்டத்தரணியாகி மூன்று வருடங்களாகின்றன. எங்கள் ஊரிலிருந்து நீதவான் நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டுடன் எழுந்து நின்ற முதலாவது ஆள் அவர்தான். சத்தியப்பிரமாணம் செய்த வாரம் பள்ளிவாசலில் அறிவித்தார்கள்; பாடசாலையில் மாலையிட்டோம்; நான் வாழ்த்துப்பா எழுதி வாசித்தேன். (அது நல்ல வாழ்த்துப்பா அல்ல என்பது வேறு விடயம்.)

சென்ற நோன்புக்கு முந்திய மாதத்தில் ஊருக்குள் மூன்று மோட்டார் சைக்கிள்கள் அடுத்தடுத்துக் களவு போயின. அவற்றில் ஒன்று மீன் வியாபாரி ஒருவருடையது. பின்னால் பெட்டி கட்டி ஊர் ஊராக மீன் விற்பவர். வண்டி போனதோடு பிழைப்பும் போயிற்று. ஏற்கனவே கெட்ட பேர் எடுத்திருந்த ஓர் இளைஞனைப் பொலிஸார் பிடித்தார்கள். அவனுக்காக நமது சட்டத்தரணி ஆஜரானார். பிணை கிடைத்தது. அடுத்த ஜும்ஆ முடிந்து வெளியேறும்போது அந்த மீன் வியாபாரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "கள்ளனுக்குப் பேசுற அப்புக்காத்து போறாரு, வழி விடுங்க!"

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு அவர் என் வீட்டுக்கு வந்தார். நீண்ட நேரம் தேநீரைக் குடிக்காமல் வைத்திருந்துவிட்டுக் கேட்டார். "சேர், நீங்கதானே ஸூரா அன்னிஸாவ எங்களுக்குப் படிச்சுத் தந்தீங்க. மோசடிக்காரருக்காக வாதாட வேணாம் எண்டு அதுல வருதே. நான் செய்யிறது அதுதானா?"

எனக்குப் பதில் வரவில்லை. மீன் வியாபாரியின் கோபத்தை என்னால் குறைகூற முடியாது. மாணவரின் கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. அதன் பிறகு சில கிழமைகளாக யோசித்ததையே இங்கு எழுதுகின்றேன்.

குற்றவாளி என்று தெரிந்தும் ஒருவனுக்காக எப்படிப் பேசுவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியின் சிக்கல் "தெரிந்தும்" என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. யாருக்குத் தெரியும்? எப்படித் தெரியும்? ஊருக்குத் தெரிந்தது பொலிஸ் சொன்னது. பொலிஸுக்குத் தெரிந்தது ஊர் சொன்னது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்போது அது உண்மையின் தோற்றத்தை எடுத்துவிடுகிறது.

சட்டக் கல்லூரியில் தாம் படித்த ஒரு வழக்கைப் பற்றி அன்றிரவு அவர் சொன்னார். பிறகு நானும் தேடி வாசித்தேன். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் பே கௌண்டி என்றொரு இடம். கௌண்டி என்பது ஏறத்தாழ நமது மாவட்டம் போன்ற பிரிவு. அங்கே சாதாரண மனிதன் சந்திக்கும் குற்றவியல் நீதிமன்றம் பெரும்பாலும் அந்த மட்டத்தில்தான் இயங்குகிறது. 1961 ஜூன் மாதம் அங்குள்ள பனாமா சிற்றி என்ற ஊரில் ஒரு பிலியட் விளையாட்டுக் கூடம் உடைக்கப்பட்டது. இயந்திரங்களிலிருந்த சில்லறைக் காசும் கொஞ்சம் மதுபானமும் போயின. கிளாரன்ஸ் ஏர்ள் கிடியன் என்பவரைப் பிடித்தார்கள். ஐம்பது வயது, எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர், முன்பும் சிறைக்குப் போனவர். ஊருக்குத் "தெரிந்த" கள்ளன். விடியற்காலையில் அவரை அக்கூடத்துக்குள் கண்டதாகச் சொல்ல ஹென்றி குக் என்ற சாட்சியும் இருந்தார்.

தமக்கொரு சட்டத்தரணி வேண்டுமென்று கிடியன் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டுமே அரச செலவில் சட்டத்தரணியை நியமிக்கலாம் என்பது அப்போதைய புளோரிடா சட்டம். நீதிபதி மறுத்தார். கிடியன் தாமே வாதாடினார். குற்றவாளியெனத் தீர்ப்பாகி ஐந்து வருடச் சிறை கிடைத்தது. சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். அங்கே அவருக்காக வாதாடிய ஏப் ஃபோர்டாஸ் பிற்காலத்தில் அதே நீதிமன்றத்தின் நீதியரசரானவர். 1963 மார்ச் 18இல் நீதியரசர்கள் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: பாரதூரமான குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசு சட்டத்தரணியை வழங்கியே ஆக வேண்டும்.

இந்தத் தீர்ப்பைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். என்னைக் கவர்ந்ததோ அதற்குப் பின் நடந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் அதே ஊரில், அதே நீதிபதியின் முன், அதே குற்றச்சாட்டு மீண்டும் விசாரிக்கப்பட்டது. பிரதான சாட்சியும் அதே குக்தான். மாறியது ஒன்றே ஒன்று. இம்முறை ஃப்ரெட் டேர்னர் என்ற உள்ளூர்ச் சட்டத்தரணி கிடியனுக்குப் பக்கத்தில் இருந்தார். வெளியூரிலிருந்து வந்த பெரிய சட்டத்தரணிகளை வேண்டாமென்று மறுத்து, இவர்தான் வேண்டுமெனக் கிடியனே கேட்டுக்கொண்டார். டேர்னர் வழக்குக்கு முன்பே ஊருக்குள் நடந்து விசாரித்தார். அந்த நேரத்தில் குக் அங்கே ஏன் நின்றார், முன்பு ஒரு களவில் சம்பந்தப்பட்டிருந்தும் முதல் விசாரணையில் அதை ஏன் சொல்லவில்லை என்றெல்லாம் குறுக்கு விசாரணை செய்தார். முதல் விசாரணையில் கிடியனுக்குப் பெரும் பாதகமாக இருந்தது டாக்சிக்காரரின் சாட்சியம். தன்னை ஏற்றிச் சென்றதைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டாமென்று கிடியன் கேட்டுக்கொண்டதாக அவர் கூறியிருந்தார். முன்பும் இப்படிச் சொல்லியிருக்கிறாரா என்று டேர்னர் கேட்டார். ஆம், மனைவியோடு பிரச்சினை வரும்போதெல்லாம் அப்படிச் சொல்வார் என்றார் டாக்சிக்காரர். ஒரே ஒரு கேள்வியில் சாட்சியத்தின் பொருள் மாறிப்போனது. ஜூரிமார் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கலந்துபேசி, குற்றமற்றவர் என்றார்கள். அதற்குள் இரண்டு வருடங்கள் சிறையில் கழிந்திருந்தன.

கிடியன் ஒன்றும் வாயில்லாதவர் அல்லர். தமக்குத் தெரிந்தவரை நன்றாகவே பேசினார் என்கிறார்கள். ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டுமென்று அவருக்குத் தெரியவில்லை. உண்மை தானாக வெளியில் வந்துவிடும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பே கௌண்டியில் அது தானாக வரவில்லை.

அந்நாட்டிலும் இது ஒரு வழக்கோடு தீர்ந்துவிடவில்லை. ஏழைகளுக்கென அரச செலவில் ஒரு சட்டத்தரணி வேண்டுமென்று கிளாரா ஃபோல்ட்ஸ் என்ற பெண் சட்டத்தரணி 1893இலேயே பேசினார். லொஸ் ஏஞ்சலஸ் கௌண்டி 1914இல் அத்தகைய அலுவலகத்தைத் திறந்தது. ஆனால் ஒரு சட்டத்தரணிக்கு வருடத்துக்கு 150 பாரதூரமான வழக்குகளுக்கு மேல் கொடுக்கலாகாது என்று 1973இல் ஒரு தேசிய ஆணைக்குழு விதித்த வரம்பைப் பல கௌண்டிகள் மீறியே வந்திருக்கின்றன. மாநில நீதிமன்றங்களில் குற்றத் தீர்ப்புகளில் 94 வீதம் விசாரணையின்றி, எதிரியே குற்றத்தை ஒப்புக்கொள்வதால் வருகின்றன என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2012இல் குறிப்பிட்டது. அவர்களில் எத்தனை பேர் உண்மையில் செய்தவர்கள், எத்தனை பேர் சீக்கிரம் வீட்டுக்குப் போக விரும்பியவர்கள்? "நம்மட கோட்டிலயும் அப்பிடித்தான் சேர்" என்றார் மாணவர். "வழக்குக்கு அலைஞ்சு ஒரு நாள் கூலிய இழக்கிறத விட, ஒத்துக்கிட்டுத் தண்டம் கட்டிட்டுப் போறது லாபம் எண்டு நினைக்கிறாங்க."

இனி, அவர் கேட்ட வசனத்துக்கு வருகின்றேன். ஸூரா அன்னிஸாவின் 105ஆம் வசனம் அது. பல வருடங்களாக அதைக் கற்பித்திருக்கின்றேன். அது இறங்கிய சந்தர்ப்பத்தை அவசரமாகச் சொல்லிக் கடந்துபோயிருக்கின்றேன். தப்ஸீர்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். மதீனாவில் ஒரு கவசம் களவு போகிறது. எடுத்தவன் முஸ்லிம்களோடு இருந்தவன். பழி இன்னொருவர்மீது போடப்படுகிறது. பலரும் எடுத்துக்கூறும் அறிவிப்பின்படி அவர் ஒரு யூதர், கவசமும் அவரது வீட்டில் இருக்கும்படி செய்யப்படுகிறது. திருடனின் குலத்தார் கூட்டமாக வந்து நபி (ஸல்) அவர்களிடம் தம் ஆளுக்காகப் பேசுகிறார்கள். அப்போதுதான் வசனங்கள் இறங்கித் திருடனை வெளிப்படுத்துகின்றன. தான் செய்த பாவத்தை நிரபராதிமீது சுமத்துவதை 112ஆம் வசனம் பெரும் அவதூறு என்கிறது.

அந்த இடத்தில் தனக்காகப் பேச யாருமில்லாமல் நின்றவர் யார்? ஊரும் உறவும் பொருளும் தனக்கெதிராக நின்ற அந்த யூதர். அவருக்காகப் பேசியது வஹியே. இத்தனை காலமும் சட்டத்தரணிகளுக்கெதிராக நாம் ஓதிக்காட்டிய வசனம், குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு நிரபராதியின் தரப்பில் இறங்கியது. மோசடிக்காரருக்காக வாதாடியவர்களும் தனியொரு சட்டத்தரணி அல்லர். "நம்ம ஆள்" என்று திரண்டு வந்த ஓர் ஊர்.

இதனால் சட்டத்தரணிக்கு முழு விடுதலை கிடைத்துவிட்டதாக நான் சொல்லவில்லை. டேர்னரைப் பற்றி எனக்கொரு நெருடல் உண்டு. குக்கும் அந்தக் களவில் பங்காளியாக இருந்திருக்கலாம், வெளியே காவல் நின்றிருக்கலாம் என்ற எண்ணத்தை அவர் ஜூரிமாரின் மனதில் விதைத்தார். அது நிரூபிக்கப்பட்டதல்ல. மதீனாவில் அந்தக் குலத்தார் செய்ததும் பழியை மற்றவர்மீது திருப்பியதுதானே? வேறுபாடு இருக்கிறது: அவர்கள் பொய்யென்று அறிந்தே செய்தார்கள், இவர் தெரியாத ஒன்றைக் கேள்வியாகக் கேட்டார். ஆனாலும் இரண்டுக்கும் நடுவிலுள்ள வரம்பு வயல்வரம்பைப்போல ஒடுக்கமானது. தன் கட்சிக்காரர் குற்றத்தைத் தன்னிடமே சொல்லிவிட்ட பிறகு இன்னொருவரை நோக்கி விரலை நீட்டும் சட்டத்தரணி, என் கணக்கில் அந்த வசனத்துக்குள் வந்துவிடுகிறார். நிரூபியுங்கள் என்று கேட்பவரோ, தண்டனையைக் குறைக்கச் சொல்பவரோ வருவதில்லை. தாமே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்ட மாஇஸ் (ரழி) அவர்களிடமிருந்து நபியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேறு விதமாக இருந்திருக்கலாமே என்று கேட்டார்கள். தண்டிப்பதில் அவசரம் காட்டாமை அங்கேயே தொடங்குகிறது.

நாவன்மையால் ஒருவர் தம்மிடம் சாதகமான தீர்ப்பைப் பெற்றுவிடக்கூடும், அது உரிமையில்லாததாயின் அவர் பெற்றுச் செல்வது நெருப்பின் ஒரு துண்டு என்ற கருத்தில் உம்மு ஸலமா (ரழி) அறிவிக்கும் ஹதீஸையும் சட்டத்தரணிகளுக்கெதிராகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. பேசத் தெரிந்தவன் வெல்வான் என்றால் பேசத் தெரியாதவன் தோற்பான்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறிய இரண்டாம் வருடம், ஏழாம் வகுப்பில் சுற்றுலாவுக்குச் சேர்த்த முந்நூறு ரூபாய் காணாமற்போனது. இடைவேளையில் ஒரு பையன் வகுப்பில் தனியாக இருந்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். அவன் திக்குவாயன். நான் கேட்கக் கேட்க அவனுக்கு வார்த்தை வரவில்லை. வராததையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு எல்லோர் முன்னிலையிலும் அடித்தேன். அந்த அறையில் பொலிஸும் நான்தான், வழக்குத் தொடுத்ததும் நான்தான், நீதிபதியும் நான்தான். நான்கு நாட்களின் பின் வகுப்புத் தலைவி வைத்த இடத்திலேயே, வரவுப் பதிவேட்டின் உறைக்குள், காசு இருந்தது. "காசு கிடைச்சிட்டு" என்று மட்டும் வகுப்பில் சொன்னேன். அவன் எடுக்கவில்லை என்று சொல்லவில்லை. அடுத்த வருடம் அவன் பாடசாலைக்கு வரவில்லை. இப்போது கட்டாரில் இருக்கிறான். லீவில் வந்தால் ஸலாம் சொல்வான். நான் பதில் சொல்வேன். அவ்வளவுதான். கலாசாலையில் கற்பித்தல் முறைகளும் உளவியலும் படித்திருந்தேன். மறுதரப்பைக் கேட்பதற்கு ஒரு பாடவேளையும் இருக்கவில்லை.

நமது வட்டத்திலிருந்தும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். மன்னாரைச் சேர்ந்த கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அவரது "நவரசம்" என்ற தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் பரப்புவதாகச் சொல்லப்பட்டது. 2021 டிசம்பரில் பிணையும் 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தில் விடுதலையும் கிடைத்தன. சட்டத்தரணிகள் அவருக்காகப் பேசினார்கள். கவிதையை வாசிக்கத் தெரிந்த நம்மில் எத்தனை பேர் பேசினோம்? அந்த மாதங்களில் என்னிடம் ஒருவர் அவரைத் தெரியுமா என்று கேட்டார். கேள்விப்பட்டதில்லை என்றேன். கேள்விப்பட்டிருந்தேன்.

மீன் வியாபாரிக்குச் சொல்ல என்னிடம் இன்னும் வார்த்தை இல்லை. நீதிமன்றத்தில் அவரது தரப்பைப் பொலிஸார் பேசுகிறார்கள் என்றால் அவரது வண்டி திரும்பி வந்துவிடாது. உண்மையான கள்ளன் வெளியே திரிவதில் அவருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். அதைக்கூடப் பள்ளிவாசற்படியில் நின்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பழைய சைக்கிள் ஒன்றில் பெட்டி கட்டிக்கொண்டு அவர் இப்போது பக்கத்துத் தெருக்களில் மட்டும் மீன் விற்கிறார்.

சென்ற வாரம் மாணவர் மீண்டும் வந்தார். தப்ஸீரில் பார்த்ததைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டு கேட்டார். வழக்கு அடுத்த மாதத்துக்குத் தவணையிடப்பட்டிருக்கிறதாம். எழும்பும்போது, "ஊரே கேட்டுட்டு சேர். அவன் எடுத்தானா இல்லையா எண்டு நீங்க மட்டுந்தான் என்னிட்டக் கேக்கல்ல" என்றார்.

"கேட்டாச் சொல்லுவீங்களா தம்பி?"

"சொல்ல மாட்டன் சேர்."

இம்முறை தேநீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனார்.