செயலாளர் சத்தியமூர்த்தி

அன்னவாசல் பக்கம் திருவிழா நெருங்கினால் ஒரு காய்ச்சலும் கூடவே வரும். எல்லோருக்கும் வராது. போன வருஷம் விழாக் கமிட்டிக்குத் தலைவராக இருந்து பரிவட்டம் கட்டிக்கொண்டவருக்குத்தான் வரும். இந்த வருஷம் பரிவட்டம் வேறொருவர் தலைக்குப் போகிறதல்லவா! "உடம்புக்கு முடியலப்பா, நீங்க பாத்து நடத்துங்க" என்று திண்ணையில் போர்த்திப் படுத்துவிடுவார். தலைக்கட்டு வரி கேட்டு வரும் பையன்களுக்குக்கூட அந்த நோயின் பெயர் தெரியும். தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலையில் டீக்கடை பெஞ்சில் அவரைப் பார்க்கலாம்.

அந்தத் திண்ணையைக் கடக்கும்போதெல்லாம் எனக்குத் திருமயத்துக்காரர் ஒருவர் ஞாபகம் வருவார். இங்கே பஸ் ஏறி, சித்தன்னவாசல் விலக்கைத் தாண்டிப் புதுக்கோட்டையில் இறங்கி, காரைக்குடி பஸ் பிடித்தால் அவர் ஊர். 1887-இல் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்தவர். வெள்ளைக்காரர்களை அவர்கள் மொழியிலேயே மடக்கிய வக்கீல்.

1936-இல் தமிழ்நாடு காங்கிரசுக்குத் தலைவரானதும் அவர் செயலாளராக வைத்துக்கொண்டது காமராஜரை. 16 வயது இளையவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். நான்கு வருஷம் போயிற்று. 1940-இல் காமராஜர் தலைவரானார். சத்தியமூர்த்திக்குக் காய்ச்சல் வரவில்லை. தான் வளர்த்த பிள்ளைக்குக் கீழே செயலாளராக வேலை பார்த்தார்.

இதை எழுதுவது எளிது. நேற்றுவரை நம்மிடம் கையைக் கட்டி நின்றவரிடம் இன்று ஒரு தாளை நீட்டி "பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டு நின்றவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

இத்தனைக்கும் மனம் நோகக் காரணங்கள் இருந்தன. 1937 தேர்தலில் தான் நிற்க வேண்டிய பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தவர் அவர். ராஜாஜி மந்திரிசபை அமைத்தபோது இவருக்கு அதில் இடமில்லை. வருத்தப்படாமல் இருந்திருக்க மாட்டார், அவரும் மனிதர்தான். ஆனாலும் கட்சி வேலையை விடவில்லை. 1939-இல் சென்னை மேயரானார். தண்ணீருக்குத் தவித்த நகரத்துக்காகக் கொசஸ்தலை ஆற்றில் பூண்டி நீர்த்தேக்கத்தைக் கொண்டுவரப் பாடுபட்டார். 1944-இல் அது கட்டி முடிந்தபோது பார்க்க அவர் இல்லை. பெயர் மட்டும் சத்தியமூர்த்தி சாகர் என்று நிலைத்தது.

அவரைச் சாமியாக்கிவிடவும் மனம் வரவில்லை. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியும் புதுக்கோட்டைக்காரர்தான், அதே மகாராஜா கல்லூரியில் படித்தவர்தான். அந்த விஷயத்தில் சத்தியமூர்த்தி அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றார். அது தப்பு. நாற்காலியை விட்டு இறங்கத் தெரிந்தவருக்குக்கூடப் பழைய வழக்கத்தை விட முடியவில்லை.

1942 போராட்டத்தில் கைதாகி, உடம்பு நொறுங்கி, 1943 மார்ச் 28 அன்று சென்னை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். காமராஜர் அப்போது சிறையில். முகம் பார்க்கக்கூட முடியவில்லை.

சுதந்திரம் வந்தபோது காமராஜர் முதலில் போய்க் கொடியேற்றியது சத்தியமூர்த்தியின் வீட்டில்தான் என்பார்கள். 1954-இல் முதலமைச்சரானபோதும் அந்த வீட்டுக்குப் போனார். படத்துக்கு மாலை போட்டார். பிறகு, அந்த வீட்டு அம்மாவை வணங்கினார்.