'நெச்சுரல்' என்றொரு சொல்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிய ஆங்கிலக் குறிப்பு எதை எடுத்தாலும் 'நெச்சுரல்' என்ற அடைமொழி முன்னால் வந்து நிற்கும். 'இயற்கைத் துறைமுகம்' என்று நாமும் பள்ளியில் மனனம் செய்தோம். அங்கே அது நேர்மையான சொல். கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அத்திவாரம் இட வேண்டியிருந்தது. இங்கேயோ குன்றுகளின் காவலும் கடலின் ஆழமும் மனிதன் கை வைக்கு முன்பே இருந்தன. அவ்வளவே பொருள், புகழ்ச்சியுமில்லை, பழியுமில்லை.

அதே சொல் மரண விசாரணை அறிக்கையில் ஏறும்போது 'இயற்கை மரணம்' ஆகிறது. பிறர் கை படவில்லை என்பதே கருத்து. எண்பது வயதில் உறக்கத்திலே போன பாட்டிக்கும் அதுதான்; உரிய வேளையில் மருந்து கிடைக்காமற் காய்ச்சலில் போன குழந்தைக்கும் அதுதான். சட்டத்துக்கு அது போதும். மனச்சாட்சிக்கும் போதுமா?

2004 டிசம்பர் 26ஐ 'இயற்கை அனர்த்தம்' என்றோம். கடல் பொங்கியது இயற்கைதான். ஆனால் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தின் பின்னரே அலை நம் கரைக்கு வந்தது. பசிபிக் சமுத்திரத்துக்கு 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு அன்று இல்லை. கிண்ணியா வைத்தியசாலையில் படுத்திருந்தவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அந்த இரண்டு மணி நேரத்தையும் இயற்கையின் கணக்கிலா எழுதுவது?

இதைவிட ஆபத்தான இடமும் உண்டு. சிலர் இயல்பாகவே அடிமைகள் என்று அரிஸ்தோத்தில் எழுதிவைத்தார். 1550இல், ஸ்பானியாவின் வல்லதோலித் நகரில், செப்புல்வேதா என்ற அறிஞர் அதையே பிடித்துக்கொண்டு, அமெரிக்கப் பழங்குடிகளைப் போரால் அடக்குவது நியாயம் என்று வாதித்தார். எதிர்த்து நின்றவர் தொமினிக்கன் சபை ஆயர் லாஸ் காசாஸ். பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 'அதுகள் பிறவியிலேயே அப்படித்தான்' என்று ஒரு சாதியாரைப் பற்றி நம் திண்ணைகளிலும் கேட்டிருக்கிறோம். கோவில் முற்றத்திலும் கேட்டிருக்கிறோம்.

'இயற்கைச் சட்டம்' என்று திருச்சபை சொல்வதைச் சிலர் இதோடு சேர்த்துக் குழப்புவதுண்டு. புனித தோமஸ் அக்குவினாஸ் சொன்னது, உலகில் நடப்பதெல்லாம் சரி என்பதல்ல. பகுத்தறிவு பெற்ற மனிதன் நன்மையை நாடித் தீமையை விலக்கக் கடமைப்பட்டவன் என்பதே. கோபம் வருவது இயல்பு. கோபத்தில் மனைவியை அடித்துவிட்டு, 'ஆம்பிளைக்கு இது நெச்சுரல்தானே' என்று ஒருவன் உங்களிடம் வந்து சொன்னால், எந்தப் பொருளில் சொல்கிறான் என்று அவனையே கேட்டுப் பாருங்கள்.